மச்சானின் லெகோவும் என்.சி. வீதி லெகோவும்

கேள்வி: திருகோணமலை என்.சி. வீதிக் கடையொன்றில் மகனுக்கு 2,200 ரூபாய்க்கு ஒரு லெகோ பெட்டி (பிள்ளைகள் ஒன்றோடொன்று பொருத்திக் கட்டி விளையாடும் பிளாஸ்ரிக் கட்டைகள்) வாங்கினேன். கனடாவிலிருந்து வந்திருக்கும் மனைவியின் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அத்தான், இது டூப்பு. இதையெல்லாம் பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ" என்று பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். அவர் கொண்டுவந்ததும் பார்வைக்கு இதே கட்டைதான். பெயருக்குத்தானே அவ்வளவு காசு?
— ஒரு தகப்பன், உப்புவெளி

பதில்: பெயருக்கும் காசுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெயருக்கு மட்டும் என்று நினைத்தால் பிழை. உங்கள் மச்சான் சொன்னதிலும் பாதி பிழை. நீங்கள் இருவரும் பெட்டியை வைத்தே வழக்காடியிருக்கிறீர்கள். கட்டையை ஒருவரும் கவிழ்த்துப் பார்க்கவில்லைப் போலிருக்கிறது.

கவிழ்த்துப் பாருங்கள். மேலே எட்டுக் குமிழ் உள்ள கட்டையின் அடியில் மூன்று குழாய்கள் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அமத்தும்போது கீழ்க்கட்டையின் குமிழை அந்தக் குழாயும் பக்கச் சுவரும் சேர்ந்து நெரிக்கும். சங்கதி முழுக்க அந்த நெரிப்பில்தான். கூடினால் பிள்ளையால் கழற்ற முடியாது, குறைந்தால் கட்டினது நிற்காது. குமிழின் விட்டம் 4.8 மில்லிமீற்றர். அதில் மயிரளவு தப்பினாலும் காரியம் கெட்டது. லெகோகாரர் தங்கள் அச்சுகளை மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குத் துல்லியத்துக்கு வெட்டுகிறார்கள். 1958இல் வார்த்த கட்டை இன்று வாங்கிய கட்டையோடு பொருந்துவது அதனால்தான். நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அந்த அச்சுக்குப் போகிறது.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. ஊருக்குள் ஒரு கடையில் மலிவாக வாங்கிய பெட்டியைத்தான் நானும் தங்கையின் மகளுக்குக் கொடுத்தேன். அவள் கிண்ணியாப் பாலம் கட்டப் புறப்பட்டாள். ஒரு முழ நீளம் வந்ததும் பாலம் நடுவில் தொய்ந்தது. ஒரு கட்டையில் கண்ணுக்குத் தெரியாத பிழை, இருபதாவது கட்டைக்கு வரும்போது வட்டியும் குட்டியுமாக வந்து நிற்கிறது. சிவப்புக் கட்டைகள் பிடிக்காமல் வழுகின. மஞ்சள் இரண்டு ஒட்டிக்கொண்டு விடமாட்டோம் என்றன. பிள்ளை பல்லால் கடித்துக் கழற்றினாள். பற்குறியோடு அந்த மஞ்சள் கட்டை இப்போதும் என் மேசை இலாச்சிக்குள் கிடக்கிறது. அதே பெட்டியில் நீலக் கட்டைகள் மட்டும் அருமையாகப் பொருந்தின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மலிவுப் பெட்டியின் குணமே அதுதான்: உள்ளே ஒன்றுபோல் ஒன்று இராது.

இனி மச்சானுக்கு. அவர் அசல் என்று தூக்கிப் பிடிக்கும் கட்டையே முதலில் இன்னொருவருடையதைப் பார்த்துச் செய்ததுதான். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் 1932இல் மரப் பொம்மை செய்யத் தொடங்கிய தச்சர் ஒருவரின் பட்டறை அது. (டேனிஷ்காரர் நமக்குப் புதியவர்களல்லர். 1620இல் கப்பலேறி வந்து திருகோணமலையில் கோட்டை கட்டப் பார்த்தார்கள், அது சரிவரவில்லை. கடைசியில் தரங்கம்பாடியில்தான் கட்டினார்கள்.) 1949இல் அந்தப் பட்டறை வெளியிட்ட முதல் பிளாஸ்ரிக் கட்டைக்கு, இங்கிலாந்தின் ஹிலாரி பேஜ் தன் கிடிகிராஃப்ட் நிறுவனத்தில் செய்த கட்டையே முன்மாதிரி. அந்தக் கட்டைக்கு உள்ளே வெறும் பொந்துதான், பிடி போதாது. அடியில் குழாய் வைத்ததுதான் லெகோவின் சொந்த மூளை. அதற்கு 1958 ஜனவரி 28இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.

காப்புரிமை என்றால் பரம்பரைக் காணி உறுதி அல்லவே. காலம் முடிந்ததும் மற்றவர்களும் அதே கட்டையைச் செய்யத் தொடங்கினார்கள். லெகோ விடவில்லை, கட்டையின் வடிவமே எங்கள் வர்த்தக அடையாளம் என்று நீதிமன்றம் ஏறியது. உங்கள் மச்சான் வாழும் கனடாவிலேயே, மொன்றியலின் மெகா புளொக்ஸ் நிறுவனத்துக்கு எதிரான அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2005இல் தோற்றது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2010இல் அதே முடிவைத்தான் சொன்னது. ஆகவே லெகோவோடு பொருந்துகிற கட்டையைச் செய்வது களவும் அல்ல, டூப்பும் அல்ல. இதை அவரிடம் சொல்லுங்கள், ஆனால் பிள்ளைக்கு முன்னால் வேண்டாம்.

டூப்பு எது என்றால், இன்னொருவன் வரைந்த மொடலையும் பெட்டிப் படத்தையும் அப்படியே சுட்டு விற்பது. சீனாவில் லெபின் என்ற பெயரில் அதைத்தான் செய்தார்கள். 2019இல் சீனப் பொலிஸாரே தொழிற்சாலைக்குள் புகுந்தார்கள். அடுத்த வருடம் அதன் தலைவருக்கு ஆறு வருடச் சிறை. நீங்கள் வாங்கிய பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் எனக்கு எழுதவில்லை. தன் பெயரைத் தானே போட்டு, லெகோவோடு பொருந்தும் என்றிருந்தால் குற்றமில்லை. சிவப்புச் சதுரத்துக்குள் வெள்ளை எழுத்தில் லெகோ என்றே அச்சடித்து 2,200 ரூபாய்க்குத் தந்திருந்தால், மச்சானிடம் கோபப்படாமல் அந்தக் கடைக்குப் போங்கள். அசல் கட்டையில் ஒவ்வொரு குமிழின் தலையிலும் லெகோ என்று பொடியாகப் பொறித்திருக்கும், வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் தெரியும்.

இன்னொரு சோதனையும் உண்டு. தட்டைக் கட்டைகள் மூன்றை அடுக்கினால் ஒரு முழுக்கட்டையின் உயரம் சரியாக வரவேண்டும். விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள், தடக்கினால் அளவு பிழை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அசலோ மலிவோ இரண்டையும் உயரத்தில் வையுங்கள், வாய்க்குள் போகிற சாமான்.

மற்றபடி பெட்டியை எறிய வேண்டாம். இரண்டையும் ஒரே பாயில் கொட்டி மகனிடம் விடுங்கள். பாரம் தாங்குகிற தூணுக்கு மாமா தந்ததையும், மதிலுக்கும் கூரைக்கும் அப்பா தந்ததையும் அவனே பிரித்து எடுத்துக்கொள்வான். என் மருமகள் இரண்டாம் நாளே நீலத்தைத் தூணுக்கு எடுத்துவிட்டாள்.