அம்மாவின் கை நடுக்கமும் ஆய்வகத்து நாய்களும்

கேள்வி: அம்மா முன்பு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அப்பா தவறியதிலிருந்து ஏழு வருடமாக அவர் இரவில் 10 மில்லிகிராம் டயசிபாம் போட்டுத்தான் தூங்குவார். கொழும்பிலிருந்து வந்த தம்பி, "இது போதைப்பழக்கம்" என்று குளிசைகளை எடுத்து ஒளித்துவிட்டான். மூன்று நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாளிலிருந்து கை நடுங்குகிறது, தூக்கமே இல்லை. தகரத்தில் மழை விழும் சத்தத்தைக்கூட அவரால் தாங்க முடியவில்லை. இந்த மாதிரி மருந்துகளை நாய்க்கும் குரங்குக்கும் கொடுத்துப் பார்த்தார்களாம். அது மனிதருக்குப் பொருந்துமா? அம்மா போதைக்கு அடிமையா?
- வாசகி, தலவாக்கலை

பதில்: மகள், இன்றைக்கே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மற்றதெல்லாம் பிறகு. வலிப்பு வந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ, இல்லாத ஆட்களைக் கண்டதாகச் சொன்னாலோ உடனே 1990க்கு அழையுங்கள்.

அம்மா அடிமை இல்லை. அவருடைய உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். அந்த நாய்களே இதற்குச் சாட்சி. 1931இல் சீவர்ஸ், டேட்டம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பார்பிட்டால் என்ற பழைய தூக்க மருந்தை நாய்களுக்கு நீண்ட காலம் கொடுத்தார்கள். மருந்தை நிறுத்தியதும் வலிப்பு வந்தது. நாய்க்குக் கவலையை மறக்கும் ஆசை கிடையாது. மன உறுதி போதாது என்று அதைத் திட்டவும் முடியாது. அப்படியிருந்தும் பல டொக்டர்மார் நம்பவில்லை. 1950இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் ஐஸ்பெல் என்ற டொக்டர் கைதிகளிடம் அதையே செய்து பார்த்தார். அவர்களுக்கும் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வந்தன. அந்த அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகும். இன்று அப்படிச் செய்ய யாரும் விடமாட்டார்கள்.

டயசிபாம் அதைவிடப் பாதுகாப்பான மருந்துதான். ஆனால் 1982இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பபூன் குரங்குகளுக்கு ஏழே நாள் அதைக் கொடுத்து, பிறகு அதன் வேலையைத் தடுக்கும் இன்னொரு மருந்தைச் செலுத்தினார்கள். மருந்தை நிறுத்தினால் வரும் அறிகுறிகள் உடனே தெரிந்தன. உங்கள் அம்மாவுக்கு ஏழு வருடம்.

பொருந்துமா என்று கேட்டீர்கள். விலங்குகளுக்குக் கொடுத்த அளவு பெரும்பாலும் பெரிது. விடிய விடியக் கண் மூடாமல் கிடக்கும் வேதனையை எலியிடம் கேட்டு அறியவும் முடியாது. ஆனாலும் மூளை பழகும் விதம் ஒன்றுதான். அம்மா கொழுந்து பறித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, பாரத்துக்கு ஏற்றபடி முன்னால் சாய்ந்தே நடந்திருப்பார். பின்னாலிருந்து ஒருவர் சட்டென்று கூடையைத் தூக்கினால் முகம் குப்புற விழுவார். மருந்து மூளையை அடக்க அடக்க, மூளை எதிர்ப்பக்கம் சாய்ந்து ஈடுகட்டுகிறது. பாரத்தை ஒரேயடியாக எடுத்ததால் வந்ததுதான் இந்த நடுக்கம்.

மூன்று நாள் சும்மா இருந்ததைத் தம்பி நல்ல அறிகுறியாக எடுத்திருப்பார். டயசிபாம் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும், அதனால் கஷ்டமும் பிந்தித்தான் வரும்.

பெரும்பாலும் டொக்டர் பழைய அளவைத் திரும்பத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ குறைப்பார். 2 மில்லிகிராம் குளிசை இதற்கு உதவும். ஒரு வருடம் பிடித்தாலும் பரவாயில்லை. இடையில் தாங்க முடியாமல் போனால் அந்த அளவிலேயே சில வாரம் நிற்கலாம். குறைப்பது நல்லதுதான்: இந்த வயதில், இரவில் லயத்துப் படியில் இறங்கும்போது தூக்கக் கலக்கத்தில் விழுந்து இடுப்பு முறிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்தோடு சாராயம் ஒரு சொட்டும் கூடாது. நடுக்கத்துக்கென்று பக்கத்து வீட்டார் தரும் குளிசையும் வேண்டாம்.

கிளினிக் கொப்பியையும், ஒளித்து வைத்த குளிசை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். தம்பியையும் கூட்டிப் போங்கள். அம்மா மேல் உள்ள அக்கறையில்தான் அவர் அப்படிச் செய்தார். டொக்டர் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும்.