பிடிபட்ட காய் எங்கே போகும்?

போன இதழில், எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் பெடியள் விளையாடும் ஷோகி என்ற யப்பானியச் சதுரங்கம் பற்றி நாலு வரிதான் எழுதினேன். வழக்கமாகக் கடிதம் போடாதவர்கள்கூடப் போட்டிருக்கிறீர்கள். ஆகவே இந்த முறை முழுக்க ஷோகிதான். நெல்லுக்கு எரிபந்த நோய் வந்ததைப் பற்றிக் கேட்ட நெடுங்கேணி ஐயா அடுத்த இதழ் வரை பொறுக்க வேண்டும்.

மகனுக்கு 11 வயது. ஷோகிக்கு உலகப் போட்டி இருக்கிறதாம், தான் போகப் போகிறேன் என்று நிற்கிறான். உண்மையா, இல்லை போனில் பார்த்த புளுகா?
ஓர் அம்மா, விசுவமடு

புளுகில்லை தங்கச்சி. சர்வதேச ஷோகி மன்றம் என்ற பெயரில் 1999 இல் டோக்கியோவில் தொடங்கியது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை என்று நடந்து வந்தது. 2008 இல் தெண்டோ நகரில் வைத்தார்கள். யப்பானில் விற்கும் ஷோகிக் காய்களில் பெரும்பங்கு அந்த ஊர்ப் பட்டறைகளில்தான் செய்யப்படுகிறது. சித்திரையில் செர்ரி பூக்கும் நேரம், ஆட்கள் கவசம் போட்டுக்கொண்டு தாங்களே காயாக நின்று ஆடுகிற திருவிழாவும் அங்கே உண்டு. 2011 இல் போட்டி பிரான்சுக்குப் போனது. பிறகு 2014 இல் ஷிசுவோகா, 2017 இல் கிடக்யூஷு.

மகனுக்கு இன்னொரு கதையும் சொல்லுங்கள். போலந்தில் கரோலினா ஸ்டிச்சின்ஸ்கா என்று ஒரு பிள்ளை. யப்பானியச் சித்திரக்கதை ஒன்றில் ஷோகியைக் கண்டு, இணையத்தில் ஆடிப் பழகி, பிறகு யப்பானுக்கே போய், 2017 இல் பெண்கள் பிரிவில் தொழில்முறை வீராங்கனையானார். வெளிநாட்டவர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. 81 டோஜோ என்றொரு இணையத்தளம் இருக்கிறது. பலகையில் 9க்கு 9 என்று 81 கட்டம், அதில் வந்த பெயர். பாஸ்போர்ட்டைப் பிறகு பார்ப்போம், முதலில் அங்கே போய் நூறு ஆட்டம் தோற்கச் சொல்லுங்கள். டேட்டா போடுவது உங்கள் பாடு.

எல்லாக் காயும் ஒரே நிறமாம். எது யாருடையது என்று எப்படித் தெரியும்?
தச்சுத் தொழிலாளி, தருமபுரம்

கூர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் கணக்கு. காய்க்கு ஐந்து மூலை, கூரான முனை எதிராளியைப் பார்த்திருக்கும். ஆளுக்கு 20 காய்.

எங்கள் முதல் செட்டை நான் பிஸ்கட் பெட்டி மட்டையில்தான் வெட்டினேன். ஆனி மாதம், சோளகம் அடிக்கிற காலம். ஒரு காற்று வந்தது, ஏழெட்டுக் காய் அப்படியே திரும்பிவிட்டது. கறுப்பு வெள்ளை என்றால் பொறுக்கி வைத்துவிடலாம். இதில் திரும்பிய காய் எல்லாம் கட்சி மாறிய காய்! 'அது என்ர', 'இல்லை, என்ர' என்று அன்றைக்குச் சண்டைதான் நடந்தது, ஆட்டம் இல்லை.

பிறகு பூவரசில் செய்வித்தோம். ஆசாரி எல்லாக் காயையும் ஒரே தடிப்பில் அழகாகச் சீவிக் கொடுத்தார். அதுவும் பிழை. அடி தடிப்பாகவும் கூர் மெல்லிசாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் காய் முன்னுக்குச் சாய்ந்து படுக்கும், எதிரே இருந்து பார்த்தாலும் திசை தெரியும். நாற்பதையும் திரும்பச் சீவ வைத்தேன். ஆசாரி இப்போது என்னைக் கண்டால் சைக்கிளை வேறு ஒழுங்கையில் விடுகிறார். நீங்கள் செய்வதென்றால் முதலிலேயே ஆப்பு மாதிரிச் செய்யுங்கள்.

வெட்டிய காயை நம்முடைய காயாகத் திரும்ப வைக்கலாமாமே. அது அநியாயம் இல்லையா?
உயர்தர மாணவன், கிளிநொச்சி

ஷோகியின் உயிரே அதுதான் தம்பி. வெட்டிய காய் உன் வலதுகைப் பக்கத்தில் காத்திருக்கும். உன் முறை வரும்போது, காய் நகர்த்துவதற்குப் பதிலாக, அதை எடுத்து வெற்றுக் கட்டம் ஒன்றில் உன் ஆளாக இறக்கலாம். அதனால் செஸ்ஸில் போல ஆட்டம் போகப் போகப் பலகை வெறிச்சோடாது. கடைசியில்தான் அடிபிடி கூடும். சமநிலையில் முடிவதும் அபூர்வம்.

யுத்தம் முடிந்து யப்பான் அமெரிக்கரின் கையில் இருந்த நேரம், பெரிய ஷோகி வீரர் கோசோ மசுடாவை அதிகாரிகள் கூப்பிட்டு இதைத்தான் கேட்டார்களாம்: பிடிபட்டவனைத் திருப்பிச் சண்டைக்கு விடுவது கைதிகளை வதைப்பது இல்லையா? செஸ்ஸில்தான் பிடித்தவனைக் கொல்கிறீர்கள், நாங்கள் உயிரோடு வைத்து, அதே பதவியில் வேலையும் கொடுக்கிறோம் என்று மசுடா சொன்னதாகக் கதை.

இதை மரத்தடியில் சொன்னபோது எதிரே இருந்தவர் என் பழைய நண்பர், முகாமில் ஒன்றரை வருடம் இருந்து வந்தவர். கையில் இருந்த சிப்பாயை விரலுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம், 'சரி வாத்தியார், இவரை இப்ப எங்க வைப்பம்?' என்றார். என் ராசாவுக்கு நேர் முன்னால் வைத்தார்.

செஸ் இந்தியாவில் பிறந்தது என்றால் ஷோகியும் எங்கள் ஆட்டம்தானே?
முழங்காவில் வாசகர்

சதுரங்கத்தின் உறவுதான். எந்த வழியால் யப்பானுக்குப் போனது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் வெட்டிய காயை இறக்கும் யோசனை அவர்கள் வளர்த்தெடுத்தது. அதற்கும் உரிமை கேட்காதீர்கள்.

தோற்பவர் தானே வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். நீங்கள் சொன்னதுண்டா?
வாசகி, மல்லாவி

கிழமைக்கு மூன்று தடவை. தலை குனிந்து 'மகேமாஷித்தா', அதாவது தோற்றுவிட்டேன், என்று சொல்ல வேண்டும். முறுக்கிக்கொண்டு எழும்பிப் போகக் கூடாது.

போன ஞாயிறு பக்கத்து வளவுப் பிள்ளையோடு ஆடினேன். 13 வயது. நான் வெல்லும் நிலை. கையில் ஒரு சிப்பாய் இருந்தது, டக்கென்று இறக்கினேன். பிள்ளை பலகையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. அதே வரிசையில் பின்னுக்கு என் சிப்பாய் ஒன்று ஏற்கெனவே நிற்கிறது! ஒரே ஆளின் பதவி உயராத இரண்டு சிப்பாய் ஒரே நெடுவரிசையில் நின்றால் அந்த இடத்திலேயே தோல்வி. அதன் பெயர் நிஃபு. 2015 இல் யப்பானில் தொலைக்காட்சிப் போட்டியில் எட்டாம் 'டான்' என்ற உயர்தரத்து வீரர் ஒருவரே அப்படித் தோற்றிருக்கிறார் என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

'அது சரி வாத்தியார், முதல்ல சொல்லுங்கோ' என்றது பிள்ளை.

சொன்னேன்.