மாம்பழம் யாருக்கு?

கேள்வி: மைசூருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடுவில் சிக்கிப் பிறந்த நம் சேலம் மாவட்டம், பிறகு துண்டு துண்டானதில் பெரிய இழப்பு எது?
– ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: இழப்பா? மாம்பழம்தான், வேறென்ன! சேலத்து மாம்பழம் என்று இன்னமும் ஊர் ஊராகச் சொல்லி விற்கிறோம், சொந்தக்காரர் வீட்டுக்குக் கூடை கூடையாகச் சுமக்கிறோம். ஆனால் தோப்பில் பாதிக்கு மேல் 1965-இல் தர்மபுரியோடு போய், 2004-இல் அங்கிருந்தும் கழன்று கிருஷ்ணகிரிக்குச் சொந்தமாகிவிட்டது. ஒகேனக்கல் தர்மபுரிக்கு. 1997-இல் முட்டையும் லாரியும் நாமக்கல்லுக்கு. நமக்கு மேட்டூர் அணை, ஏற்காடு, உருக்காலை, அப்புறம் வெயில். வெயிலில் மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை.

நாமக்கல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. 1910-இல் திருச்சி ஜில்லாவோடு போய் 1929-இல் திரும்பி வந்த தாலுகா அது, பழக்கதோஷம். இதை எழுதும்போதெல்லாம் அந்த ஊர் வாசகர்கள் கடிதம் போட்டுத் திட்டுகிறார்கள். திட்டட்டும், தபால்தலை அவர்கள் செலவு.

சரி, சிக்கியது உண்மைதான். 1768-இல் கம்பெனியின் கர்னல் உட் இந்தப் பக்கத்துக் கோட்டைகளை வரிசையாகப் பிடித்தார், சில மாதத்தில் மைசூரின் ஐதர் அலி வந்து வரிசையாகத் திரும்பப் பிடித்தார். கணவாய் வழியே எவன் இறங்கினாலும் கம்பங்கொல்லைதான் மிதிபட்டது. கடைசியில் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் ஐதரின் மகன் திப்பு பாராமகாலையும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலத்தையும் விட்டுக்கொடுக்க, ஓசூர்ப் பக்கம் அவர் இறந்த பிறகு 1799-இல் வந்து சேர்ந்தது.

கம்பெனிக்கு வரி வசூலிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட், பட்டாளத்துக்காரர். சிவில் அதிகாரிகளுக்கு ஊர்ப் பாஷை தெரியவில்லை என்றுதான் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிப்பாய்களை மேய்த்தவரை இங்கே அனுப்பினார். ஊர் ஊராக நிலத்தை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவனிடமே வரி வாங்கும் ரயத்வாரி முறை இங்கே ரீட் கையில்தான் உருப்பெற்றது. ஆனால் பேர் வாங்கியவர் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ! பிற்பாடு கவர்னராகி, சென்னையில் குதிரைமேல் சிலையாகவும் உட்கார்ந்துவிட்டார். ரீடுக்குக் குதிரை வேண்டாம், பாடப்புத்தகத்தில் ஒரு வரி கொடுங்கள் என்று பல வருஷமாக இந்தப் பக்கத்தில் கத்துகிறேன், கேட்பாரில்லை.

அது கிடக்கட்டும். இழப்புக் கணக்குக் கேட்பவர் ஆத்தூர்க்காரர் என்பதுதான் இடிக்கிறது. தனி மாவட்டம் கேட்கும் மனு பையில் இருந்தால், ஜவ்வரிசி ஆலைகள் எந்தப் பக்கம் என்பதை முதலில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.