ஆங்கில மரபுத்தொடர்கள்: கேள்வி பதில்

பொருள் கேளுங்கள், சொல்கிறேன். பிறந்த கதை கேட்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: கதை எவ்வளவு சுவையாக இருக்கிறதோ, அவ்வளவு பின்னால் கட்டியதாக இருக்கும்.

கேள்வி: 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பது, கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்ததாமே?

பதில்: கட்டுக்கதை. வைக்கோல் கூரைமேல் நாய் ஏறிப் படுக்காது. படுத்தாலும், முதல் தூறலுக்கே இறங்கி ஓடிவிடும். 1738இல் வெளிவந்த ஜொனாதன் ஸ்விஃப்ட்டின் நூலொன்றில் இத்தொடர் இருக்கிறது. கொட்டித் தீர்க்கிறது என்று பொருள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கேள்வி: இரங்கல் கடிதத்தில் 'கிக்ட் த பக்கெட்' என்று எழுதலாமா?

பதில்: 'மண்டையைப் போட்டார்' என்று எழுதுவீர்களா? 'பாஸ்ட் அவே' போதும்.

கேள்வி: 'சேவ்ட் பை த பெல்' உயிரோடு புதைக்கப்பட்டவர் சவப்பெட்டிக்குள்ளிருந்து அடித்த மணிதானே?

பதில்: மறுபடியும் கதை! அது குத்துச்சண்டை மணி. அடிவாங்கிக்கொண்டிருப்பவன் சுற்று முடிந்ததால் பிழைத்தான்.

கேள்வி: ஐயா, 'தி எக்செப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்' எனக்குப் புரியவே இல்லை. விலக்கு எப்படி விதியை நிரூபிக்கும்? உடைக்கத்தானே செய்யும்?

பதில்: நல்ல கேள்வி. இது பழைய லத்தீன் சட்ட வாசகத்தின் பாதி. முழுவதும் சொன்னால், 'விலக்கு, விலக்கப்படாத இடங்களில் விதியை உறுதிசெய்கிறது' என்று வரும். 'ஞாயிற்றுக்கிழமை மட்டும் இங்கே வண்டி நிறுத்தலாம்' என்று ஒரு பலகை. மற்ற நாள்களில் நிறுத்தக் கூடாது என்று அதில் எழுதவில்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. விலக்கைச் சொன்னதே விதிக்குச் சாட்சி. வால் அறுந்துபோனதால், இன்று வாதத்தில் தோற்பவர்கள் இதைக் கேடயமாகப் பிடிக்கிறார்கள். 'கவிஞர்கள் எல்லாரும் சோம்பேறிகள்' என்பார் ஒருவர். சுறுசுறுப்பான கவிஞரைக் காட்டினால் உடனே இந்தத் தொடரை எடுத்துவிடுவார்.

கேள்வி: தவறு. 'ப்ரூவ்' என்பதற்குச் 'சோதி' என்பது பழைய பொருள். விலக்கு விதியைச் சோதிக்கிறது, அவ்வளவுதான். 'த ப்ரூஃப் ஆஃப் த புட்டிங் இஸ் இன் தி ஈட்டிங்' என்ற புட்டிங் பழமொழியைப் பாருங்கள்.

பதில்: புட்டிங்கை ஒப்புக்கொள்கிறேன். தின்று பார்த்தால்தான் தெரியும் என்ற அந்தப் பழமொழியில் பழைய பொருள்தான் நிற்கிறது. இங்கே நிற்காது. முழு வாசகத்தில் உங்கள் சொல்லைப் போட்டுப் பாருங்கள்: 'விலக்கப்படாத இடங்களில் விதியைச் சோதிக்கிறது'. விலக்கே இல்லாத இடத்தில் விலக்கு எதைச் சோதிக்கும்?

கேள்வி: அகராதியிலேயே 'சோதி' என்று போட்டிருக்கிறதே!

பதில்: 'ஆறு' என்பதற்கு நதி என்றும் போட்டிருக்கிறது. 'ஆறு பேர் வந்தார்கள்' என்றால் வெள்ளமா வந்தது?

கேள்வி: முதலைக் கண்ணீருக்கு, அதாவது 'க்ரோக்கடைல் டியர்ஸ்' என்பதற்கு, நம் வழக்கு?

பதில்: ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது.

கேள்வி: கூட்டத்தில் 'டேபிள்' செய்வது என்றால் எடுத்துப் பேசுவதா, ஒத்திப்போடுவதா?

பதில்: பிரிட்டனில் எடுத்துப் பேசுவது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்தச் சொல்லால் நெடுநேரம் மோதிக்கொண்டார்கள். இரு தரப்பும் விரும்பியது ஒன்றையேதான். சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார். எதிரில் இருப்பவர் எந்த நாட்டவர் என்று பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.

கேள்வி: வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தர முடியுமா?

பதில்: இங்கே இல்லை.

கேள்வி: 'ப்ரேக் எ லெக்'?

பதில்: மேடையேறும் நடிகருக்கு வாழ்த்து. மாடிப்படி ஏறுபவருக்குச் சொல்லாதீர்கள்.

கேள்வி: விலக்கு விஷயத்தில் எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை.

பதில்: தெரிகிறது. பலகை அங்கேயேதான் இருக்கிறது. திங்கட்கிழமை வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, இந்த நாய், பூனை மழை... கூரையிலிருந்து விழுந்ததாக...

பதில்: கூரையில் யாரும் இல்லை.