ஆசிரியராக அல்ல, மாணவராக ஒரு மாதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு வயது 44. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆறு வருடமாக ஆசனம் செய்கிறேன். முதலில் பக்கத்துத் தெரு அக்கா ஒருவரிடம் கற்றேன். அவர் ஊர் மாறிப் போனபின் யூடியூப் பார்த்து நானே செய்கிறேன். சூரிய நமஸ்காரம், பத்துப் பன்னிரண்டு ஆசனம், கடைசியில் ஐந்து நிமிடம் நாடிசுத்தி, அதாவது மூக்குத் துவாரம் மாற்றி மாற்றி மூச்சு விடுவது.

கொஞ்ச காலமாக நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கிறது. செய்கிறேன், முடிக்கிறேன், எழுந்து வேலையைப் பார்க்கப் போகிறேன். இன்னும் ஆழமாகக் கற்க வேண்டும் என்று ஆசை. கேரளத்தில் நெய்யாறு அணை சிவானந்த ஆசிரமத்தில் நான்கு வாரம் தங்கிப் படிக்கும் ஆசிரியர் பயிற்சி பற்றிக் கேள்விப்பட்டேன். ரிஷிகேஷ் பயிற்சி விளம்பரங்களும் ஃபோனில் வந்துகொண்டே இருக்கின்றன. வகுப்பெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. “சொல்லிக்கொடுக்கப் போறதில்லைன்னா அந்தக் கோர்ஸ் எதுக்கு?” என்கிறார் கணவர். பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு மாதம் போய் இருந்தால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா? இந்த வயதில் உடம்பு தாங்குமா?

கே.
திருப்பூர்

அன்புள்ள கே.,

போய் வாருங்கள். வகுப்பெடுக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்குத்தான் அந்த நான்கு வாரம் கூடுதலாகப் பயன்படுகிறது என்பது என் அனுபவம்.

அந்தப் பயிற்சியை 1969இல் தொடங்கியவர் சுவாமி விஷ்ணுதேவானந்தர். நம் பத்தமடையில் பிறந்து, மலேயாவில் மருத்துவராக இருந்து, ரிஷிகேஷ் போய்த் துறவியான சிவானந்தரின் சீடர். வகுப்பெடுக்க ஆள் தயார் செய்வது அவர் நோக்கத்தில் ஒரு பங்குதான். தன்னை ஆளத் தெரிந்த மனிதர்கள் வேண்டும் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. அங்கே தமக்காகவே படிக்க வருகிறவர்கள் இன்றும் உண்டு. நீங்கள் தனி ஆளாக இருக்க மாட்டீர்கள்.

நின்ற இடத்திலேயே நிற்பதாகச் சொல்கிறீர்கள். வீட்டில் தனியாகச் செய்கிற எல்லாருக்கும் இது வரும். எந்த ஆசனம், எவ்வளவு நேரம், எப்போது போதும் என்பதையெல்லாம் நாமே முடிவு செய்கிறோம். உடம்பு தனக்குச் சௌகரியமானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. முன்னால் குனிவது எளிதாக வருகிறவர் அதையே இன்னும் இரண்டு முறை செய்வார். பின்னால் வளைவதைப் பெயருக்குச் செய்து முடிப்பார். ஆறு வருடம் இப்படிப் போனால் வருவது நன்றாக வரும், வராதது வராமலே இருக்கும்.

ஆசிரமத்தில் நாள் நம் கையில் இல்லை. ஐந்தரைக்கு முன்பே மணி அடித்துவிடும். ஆறு மணிக்குச் சத்சங்கம்: அரை மணி தியானம், பிறகு கீர்த்தனை, சொற்பொழிவு. எட்டு மணிக்கு ஆசனம். பத்து மணிக்குத்தான் சாப்பாடு. அதன்பின் கர்மயோகம், அதாவது பாத்திரம் தேய்ப்பது, கூட்டிப் பெருக்குவது, கழிப்பறை கழுவுவது. மதியம் கீதை, தத்துவம். நான்கு மணிக்கு மறுபடி ஆசனம். ஆறு மணிக்கு இரண்டாவது சாப்பாடு. எட்டு மணிக்கு இரவுச் சத்சங்கம். வெங்காயம், பூண்டு, காபி, டீ எதுவும் கிடையாது. நீங்கள் காபி குடிப்பவர் என்றால் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே குறைக்கத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் முதல் சில நாட்கள் தலைவலியிலேயே போய்விடும்.

வயது பற்றிக் கேட்டீர்கள். என்னோடு படித்த ஒரு பெண்மணிக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. பல வருடப் பழக்கம், காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் நெற்றி முழங்காலைத் தொட்டுவிடும். ஒருநாள் வகுப்பெடுத்தவர் அவர் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, முதுகில் உள்ளங்கையை வைத்து, மெதுவாகக் குனியச் சொன்னார். பாதிக்குக் கொஞ்சம் மேலே போனதும், “இங்கேதான் மூச்சை நிறுத்துறீங்க. இதுக்கு மேல போகாதீங்க” என்றார். பக்கத்து விரிப்பில் இருந்து பார்த்தேன். அந்த இடத்தில் அவர் தாடை இறுகியது, தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின. முழங்காலை லேசாக மடக்கச் சொல்லி, மூச்சு வெளியே போகும்போது மட்டும் கீழே இறங்கச் சொன்னார்கள். அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. இத்தனை வருடம் எட்டிய இடத்தை விட்டுக்கொடுப்பது எளிதா? அடுத்த வாரம் அவரே என்னிடம், “குனிஞ்சு இருக்கும்போது வயிறு மூச்சு விடறது இப்பத்தான் தெரியுது” என்றார். அதன்பின் அவர் நெற்றியைத் தொட முயன்று நான் பார்க்கவில்லை. எந்த வீடியோவும் உங்கள் முதுகில் கை வைத்துச் சொல்லாது. இந்த ஒன்றுக்காகவே போகலாம்.

யோகத்தின் மூலநூலான பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் மொத்தம் 195 சூத்திரங்கள், சில பாடங்களில் 196. அவற்றில் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே மூன்று. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. தினமும் காலையிலும் இரவிலும் அரை மணி நேரம் தரையில் சம்மணமிட்டு அசையாமல் உட்கார்ந்து, முழங்கால் கடுப்பதையும் மனம் ஊர் சுற்றுவதையும் பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு. இத்தனை ஆசனமும் இந்த உட்காருவதற்காகத்தானா என்று முதல் வாரத்திலேயே தோன்றிவிடும். உங்களுடைய ஐந்து நிமிட நாடிசுத்தியும் அங்கே வேறாகிவிடும். நான்கு எண்ணிக்கை உள்ளே, பதினாறு நிறுத்தம், எட்டு வெளியே என்பது அவர்கள் கணக்கு. மூச்சை நிறுத்துவதை மட்டும் ஃபோனைப் பார்த்துச் செய்யாதீர்கள். ரத்த அழுத்தம் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கழுத்துத் தொந்தரவையும் மறைக்க வேண்டாம். அவர்களுடைய பன்னிரண்டு அடிப்படை ஆசனங்களில் முதலாவதே தலைகீழாக நிற்கும் சிரசாசனம். செய்ய மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. 44 வயது இதற்குத் தடையே இல்லை. வகுப்பில் பக்கத்தில் இருக்கும் இருபத்தைந்து வயதுக்காரரோடு போட்டி போட்டால்தான் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும்.

ரிஷிகேஷ் விளம்பரங்களில் வரும் ‘200 மணி நேரம்’ அமெரிக்காவில் யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு வகுத்த அளவுகோல். நல்ல இடங்களும் அதே அளவில் நடத்துகின்றன, மோசமான இடங்களும் நடத்துகின்றன. சான்றிதழை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஆசனம் சொல்லித்தருகிறவர் எத்தனை வருடமாகத் தானே பயிற்சி செய்கிறார், மூலநூல் பாடம் யார் எடுக்கிறார், எந்த மொழியில் எடுக்கிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அறிய ஆவல் இருந்தால் மகாராஷ்டிரத்து லோனாவ்லாவில் கைவல்யதாமா என்ற யோக ஆய்வு நிறுவனம் இருக்கிறது. குவலயானந்தர் 1924இல் நிறுவியது. யோகத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனவர்களில் அவர் முன்னோடி. ஒரு மாத விடுப்பே கிடைக்காது என்றால் வருந்த வேண்டாம். சென்னையில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் காட்டிய வழி இருக்கிறது. மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்குக் கடுமையான பயிற்சி கொடுத்தவர், சென்னைக்கு வந்தபின் ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து, வயதுக்கும் நோய்க்கும் தகுந்தபடி சொல்லிக்கொடுத்தார். அவர் மகன் தேசிகாசார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அந்த முறையில் வந்தது. அப்படி ஒருவரிடம் அவ்வப்போது போய், உங்களுக்கென்று எழுதிக்கொடுத்ததை வீட்டில் செய்து, மறுபடி போய்த் திருத்திக்கொள்வதும் ஆழமான கல்விதான். எதிர்காலத்தில் இரண்டையும் செய்யுங்கள் என்பேன்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பயிற்சியில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் வகுப்பெடுக்க வேண்டும். திரிகோணாசனத்தை ஆறு வருடம் செய்திருப்பீர்கள். எதிரில் நிற்பவருக்குச் சொல்லித்தர ஆரம்பித்தவுடன் எந்தக் காலில் எடை, இடுப்பு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எப்போது மூச்சை விடுவது என்று ஒவ்வொன்றாகத் தடுமாறும். அவர் உடம்பைப் பார்த்துப் பார்த்துத்தான் உங்கள் உடம்பில் நடப்பது பிடிபடும். பிறகு ஒரு வகுப்பும் எடுக்காவிட்டாலும் அந்தப் பார்வை போகாது. இதை அவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் முதலில் நாலைந்து நாள் மட்டும் தங்கும் நிகழ்ச்சிக்கு இருவருமே போய் வாருங்கள். இந்த அமைப்புக்கு மதுரைப் பக்கமும் ஆசிரமம் உண்டு. சாப்பாடும் ஒழுங்கும் உங்களுக்கு ஒத்துவருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். நீண்ட விடுப்பை மார்ச் கணக்கு முடித்த பிறகு கேளுங்கள்.

பலர் சறுக்குவது ஊர் திரும்பிய பிறகுதான். ஆசிரமத்து நேர அட்டவணையை அப்படியே வீட்டில் ஓட்டப் பார்ப்பார்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். சில வாரத்தில் ஆண்டு இறுதி வேலை வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், எல்லாம் நின்றுபோகும். நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி வேர்விடும் என்று பதஞ்சலி சொன்னதில் நடுவில் இருப்பதுதான் நமக்குக் கடினம். ஆகவே கடைசி வாரத்தில் உங்களுக்கு வகுப்பெடுத்தவரிடம் உட்கார்ந்து முக்கால் மணி நேரத்துக்கு ஒரு வரிசை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வராத ஆசனம் குறைந்தது இரண்டு அதில் இருக்கட்டும். நாடிசுத்திக்கும் சும்மா உட்கார்வதற்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நாட்களுக்கும் உடம்பு முடியாத நாட்களுக்கும் தனியாகப் பத்து நிமிட வரிசை ஒன்றும் கேளுங்கள். நேரமில்லாத நாளில் ஆசனத்தைக் குறையுங்கள், உட்காருவதைக் குறைக்காதீர்கள்.

அன்புடன்