பழைய லொறிக்கு எஞ்சின் வேலையா, வேறு எஞ்சினா?

கேள்வி: அண்ணன், என்னிடம் பழைய மிட்சுபிசி கென்டர் ஒன்று இருக்கிறது, 4டி32 எஞ்சின். வெல்லாவெளிப் பக்கத்து நெல்லைச் சம்மாந்துறை மில்லுகளுக்கு ஏற்றுவதுதான் தொழில். இப்போது நீலப் புகை தள்ளுகிறது, ஐந்து நாளைக்கு ஒரு லீட்டர் ஒயில் குடிக்கிறது, சுமையோடு பட்டிருப்புப் பாலம் கடக்கவே மூச்சு வாங்குகிறது. முழு எஞ்சின் வேலைக்கு ஒரு கராஜில் நாலரை இலட்சம் கேட்கிறார்கள். இன்னொருவர், ஏழு இலட்சம் தந்தால் ரீகண்டிஷன் எஞ்சினை மூன்றே நாளில் ஏற்றித் தருகிறேன் என்கிறார். சிறுபோக வெட்டுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. எதைச் செய்ய?
- களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: தம்பி, இரண்டு பேருமே எஞ்சினைத் திறந்து பார்க்காமல் விலை சொல்லியிருக்கிறார்கள். அதனால் இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம்.

முதலில் எஞ்சினைச் சூடாக்கி, ஐட்லில் ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த வாயின் மேலேயே கவிழ்த்து வையுங்கள். மூடி சும்மா நடுங்கினால் பரவாயில்லை. குதித்து விழுந்து, புகையும் குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்துவிட்டன. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப் புகை வந்து, பிறகு அடங்கிவிடுகிறதா? அது வால்வு சீலாக இருக்கலாம், எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். கூடவே நாலு சிலிண்டருக்கும் கொம்ப்ரஷன் (உள்ளே அமுக்கும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் இறக்கத்தான் வேண்டும் என்று ஆனால், முடிவைச் சொல்லப்போவது கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) புளொக்கும் (எஞ்சினின் உடல்). கிராங்கைத் துடைத்துவிட்டு மெக்கானிக் பெயரிங் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார், பக்கத்தில் நில்லுங்கள். நகம் எங்கேயும் தடக்காவிட்டால் நல்ல சகுனம். அப்புறம் லேத்தில் மைக்ரோமீற்றர் வைத்து அளந்து, எந்த சைஸில் இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். ஸ்டாண்டர்ட், 25, 50 என்று போகும். 25 என்றால் கால் மில்லிமீற்றர் கடைந்தது. இன்னும் கடைய இடம் இருந்து, புளொக்கில் வெடிப்பும் இல்லையென்றால் உங்கள் எஞ்சினையே செய்யுங்கள். கிராங் கடைசி சைஸுக்குப் போயிருந்தால் அல்லது புளொக் வெடித்திருந்தால் மட்டும் அந்த ஏழு இலட்சத்தைப் பற்றிப் பேசலாம்.

ஏன் இந்தப் பக்கம் சாய்கிறேன் என்றால், 'ரீகண்டிஷன்' என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. அந்த எஞ்சினை யாரும் திறந்து புதுப்பிப்பதில்லை. ஜப்பானில் ஒரு பழைய வாகனத்திலிருந்து கழற்றி, கழுவி, கப்பலில் ஏற்றியது, அவ்வளவுதான். 4டி32 என்றால் அதுவும் ஏறக்குறைய உங்கள் லொறியின் வயதுதான். தரையில் வைத்து ஓட்டிக் காட்டுவார்கள். சுமை இல்லாமல் எந்த எஞ்சினும் அழகாகத்தான் ஓடும். அடியில் ஒயில் நிற்கும் தட்டான சம்பைக் கழற்றி ஒரு பெயரிங்கைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், கடைக்காரரின் முகம் எப்படி மாறுகிறது என்று தெரியும்.

"33 போடுங்கள், இழுவை கூட" என்றும் யாராவது சொல்வார்கள். 4டி32 என்பது 3567 சிசி, 4டி33 என்பது 4214 சிசி. இழுவை கூடும்தான். ஆனால் எஞ்சின் நம்பரோடு கொள்ளளவும் மாறிவிடும்.

எந்த எஞ்சினை மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து வாகனப் பதிவுப் புத்தகத்தில் நம்பரை மாற்ற வேண்டும். கடைக்காரரின் பில்லும் எஞ்சின் வந்த சுங்கப் பத்திரத்தின் பிரதியும் கையில் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். லீசிங் இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும். எங்கள் தெருவில் ஒரு லொறிக்கு விலை பேசி முற்பணமும் கொடுத்தாகிவிட்டது. வாங்க வந்தவர் டோர்ச் அடித்து எஞ்சின் நம்பரைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒத்துப்போகவில்லை, வியாபாரம் அங்கேயே முறிந்தது.

இன்னொன்று, எஞ்சினுக்குக் காசு இறக்கும் முன் சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று சேசிஸையும் கெபின் தரையையும் தின்றுவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது, வேறு வழியில்லாமல் எல்லோரும் உக்கிய லொறிக்கும் செலவழித்தோம். 2025 பெப்ரவரியிலிருந்து லொறிகள் மறுபடி வருகின்றன. விலை எட்டாதுதான், ஆனாலும் இப்போது கணக்குப் பார்க்காமல் செலவழிக்கத் தேவையில்லை.

வேலை செய்வதென்றால் நாலரை இலட்சத்துக்குள் டீசல் நொசில், பம்ப் சோதனை, ரேடியேட்டர் கழுவுவது எல்லாம் அடங்குமா என்று கேளுங்கள். அடைத்த ரேடியேட்டரோடு விட்டால் புது ரிங்கும் சீக்கிரம் போய்விடும். கழற்றிய பழைய சாமானைச் சாக்கில் போட்டு உங்களிடம் தரச் சொல்லுங்கள். முதல் ஆயிரம் கிலோமீற்றர் பாதிச் சுமைதான், பிறகு ஒயில் மாற்ற வேண்டும். அதனால் வெட்டுத் தொடங்க ஒரு மாதம் முந்தியே லொறி கராஜிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும்.

கேள்வி: ரீகண்டிஷன் எஞ்சின் வாங்கி ஐந்து வாரம். ஒயில் பால்போல் வெளுத்துவிட்டது. கடைக்காரர் கையை விரிக்கிறார்.
- அக்கரைப்பற்று வாசகர்

பதில்: இனி ஓட்டவே வேண்டாம், ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் காஸ்கட் அல்லது ஒயில் கூலர் மட்டும் என்றால் சின்னச் செலவுதான். ஆனால் கடைக்காரருக்கு எழுத்தில் அறிவித்து, அவருடைய ஆளும் பக்கத்தில் நிற்கத்தான் எஞ்சினைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள்தான் பழுதாக்கினீர்கள் என்பார். சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி 1977. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கிறது. பில்லை இன்றைக்கே இரண்டு பிரதி எடுத்து வையுங்கள், அந்த மெல்லிய தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.