துட்டு குடுத்து உப்புத் தண்ணியா?

கேள்வி: அக்கா, வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. மீன்பிடி தடைக்காலத்தில் எல்லாரும் அந்தமான் போகலாம் என்று பத்தாவது பரீட்சை எழுதிய மகள் ஒரே பிடிவாதம். இவரோ, "தெனம் பாக்குற கடல்தானே, துட்டு குடுத்து உப்புத் தண்ணிய பாக்கணுமா?" என்கிறார். நீங்களே சொல்லுங்கள். (காசிமேடு வாசகி)

பதில்: தங்கச்சி, போன டிசம்பரில் இதையேதான் நானும் என் மருமகனிடம் கேட்டேன். பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து, ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, 58 வருடமாகக் கடல் காற்றில் துணி காயவைக்கிறவள். எனக்குப் போய்க் கடலா?

ஆனால் யோசித்துப் பாருங்கள். நமக்குக் கடல் இருக்கிறது, கரை எங்கே இருக்கிறது? கல்லைத்தான் கொட்டி வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்து அலை வருடக் கணக்கில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் மணல் அங்கேயே தங்கிவிட்டது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே ராயபுரத்தைக் கடல் தின்றது. சுண்டல் பொட்டலத்தோடு மெரினாவில் நடக்கிறார்களே, அது நமக்கு வரவேண்டிய மணல். (இதை எடுத்தாலே மருமகன், "அத்தை ஆரம்பிச்சிட்டாங்க" என்று எழுந்து போய்விடுவார்.) போதாததற்கு 2017 ஜனவரியில் எண்ணூர்ப் பக்கம் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய்.

உங்கள் மகள் இடுப்பளவு கடலில் ஒருநாளாவது இறங்கி நின்றிருக்கிறாளா? கேட்டுப் பாருங்கள். நான் நின்றதில்லை. ஹேவ்லாக் தீவில் ராதாநகர் கடற்கரையில்தான் முதல் தடவை, மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு மேலே. குனிந்து பார்த்தால் என் மெட்டி தெரிகிறது! மெட்டிக்குப் பக்கத்தில் மண் நிறத்தில் விரல் நீள மீன் ஒன்று. காலை அசைத்தால் ஒதுங்கும், நிறுத்தினால் திரும்பி வரும். நானும் மீனுமாக அரைமணி நேரம் அப்படியே. அங்கே சேற்றைக் கொண்டுவந்து கலக்கப் பெரிய ஆறு கிடையாது. பல இடங்களில் பவளப்பாறையே அலையைத் தடுத்துவிடுகிறது. உங்கள் வீட்டுக்காரர் பார்க்கிற கடல் வேறு, இது வேறு.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இருக்கிறதே என்று நிதானமாகக் கிளம்பாதீர்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வருமுன்பே, மே மூன்றாம் வாரவாக்கில், அந்தமானைத் தொட்டுவிடும். காற்று எழுந்தால் தீவுக்குத் தீவு போகிற கப்பல் நிற்கும். மே 10க்குள் வீடு திரும்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். விமானத்துக்கு முதல் நாளே போர்ட் பிளேர் வந்து தங்கிவிடுங்கள். (2024இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், பலகையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) நம் துறைமுகத்திலிருந்தே கப்பல் உண்டு, அதில் போகலாம் என்று அவர் சொல்வார். கிட்டத்தட்ட மூன்று நாள் பயணம், தேதியும் நம் வசதிக்கு அமையாது. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

அங்கே கடிகாரம் நம்முடையது, சூரியன் மட்டும் முந்திக்கொள்கிறது. எங்களுக்கு ஏற்பாடு செய்த ஆள், பெயர் வேண்டாம், "மாலை 6 மணி: சூரிய அஸ்தமனம்" என்று தாளில் அச்சடித்தே கொடுத்திருந்தார். டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். போய் இறங்கினால் கும்மிருட்டு. பேரன் செல்போன் வெளிச்சத்தில் கடலைத் தேடினான். நீங்கள் போகும் மாதத்தில் ஐந்தரைக்கு மேல் அஸ்தமனம், மூன்று மணிக்கே போய்விடுங்கள். உப்புநீர் முதலைகள் உள்ள ஊர், எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும் ஓடை கடலில் சேரும் இடத்திலும் இறங்கவே கூடாது.

அவருக்கு ஒன்று சொல்லுங்கள்: போர்ட் பிளேரில் ஜங்லிகாட் என்று மீன் இறங்குகிற இடம் இருக்கிறது. காலையில் அங்கே விட்டுவிட்டால் மனிதர் மதியம்வரை வரமாட்டார். தமிழர்கள் நிறைய உள்ள ஊர், பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: மாமியாருக்கு 72 வயது. தீவுக் கப்பலில் வாந்தி வருமாமே? (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: வரும். ஆனால் யாருக்கு என்று சொல்ல முடியாது. எனக்கு வந்தது. என் சம்பந்தியம்மா, வயது 70, பக்கத்தில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டு வந்தார். ஹேவ்லாக்குக்குத் தனியார் கப்பலில் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம் ஆகும். கீழ்த்தளத்தில் நடுவாக இடம் கேளுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. செல்போனைப் பார்க்காமல் தூரத்தில் கடலும் வானமும் சேரும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், பூரி கிழங்கும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். குமட்டல் வந்த பிறகு மாத்திரை போட்டுப் பலனில்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்ட்டி, ஸ்கூல் பிராஜெக்ட்டுக்கு அந்தமானிலிருந்து சங்கும் பவளமும் எடுத்து வரலாமா? (திருவொற்றியூர், ஏழாம் வகுப்பு)

பதில்: கூடாது கண்ணு. பவளம் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. செத்துக் கரை ஒதுங்கிய துண்டும் அதில் சேர்த்திதான். ஏர்போர்ட்டில் பையைப் பார்க்கும்போது பிடித்துவிடுவார்கள்.

என் பேரன் நீல் தீவில் ஒரு சங்கைச் சோப்பு டப்பாவில் போட்டு ஒளித்து வைத்திருந்தான். ராத்திரி பாத்ரூமில் கரக் கரக் என்று சத்தம். எலி என்று நினைத்து விளக்குமாற்றோடு போனால், சோப்பு டப்பா தானாக நகர்கிறது! திறந்தால் சங்குக்குக் கால் முளைத்திருந்தது. உள்ளே ஒரு நண்டு. இந்த ஜாதி நண்டுக்குப் பின்னுடம்பு மெத்தென்று இருக்கும், ஓடு கிடையாது. செத்த நத்தையின் கூட்டில் குடியேறி, வளர வளரப் பெரிய கூடாகப் பார்த்து வீடு மாறும். நாம் கூட்டையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தால் அதற்கு வீடு ஏது?

விடிந்ததும் கரையில் கொண்டுபோய் விட்டோம். பத்து நிமிடம் வெளியே தலை காட்டவில்லை. பேரன் குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் ஒரு கொடுக்கு, ஒரு கால், இரண்டு குச்சிக் கண். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. நீ அதைப் படம் வரைந்து பிராஜெக்ட்டில் ஒட்டு.

கேள்வி: அந்தமானெல்லாம் நமக்கு எட்டாது அக்கா. ஒரே நாளில் பிள்ளைகளோடு போய்வர என்ன இருக்கிறது? (வியாசர்பாடி வாசகர்)

பதில்: பழவேற்காடு போங்கள் தம்பி. பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். குளிர்காலம் என்றால் ஏரியில் பூநாரை பார்க்கலாம். படகு சவாரிக்கு யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள், 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் போய்விட்டார்கள். டச்சுக்காரர்களின் 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அவசியம் பாருங்கள். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். சின்னப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.